பேத்திக்குக் கல்லூரி ஐஸ் ஹாக்கி முடிகிறது, அடுத்து டிராஃப்ட் என்கிறாள்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை மாஷ் (கேள்வி)

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறேன். தமிழ் வழிப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது தென்னையும் மாடும்தான் பொழுது.

மகளும் மருமகனும் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறார்கள். மூத்த பேத்தி அங்கேயே பிறந்து வளர்ந்தவள். பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணியில் தடுப்பாட்டக்காரி. (எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதக் கூடாது என்பது அவள் உத்தரவு.) அங்கே மாலை ஆறு மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் நமக்கு விடியற்காலை ஐந்தரை. சொசைட்டிக்குப் பால் போகிற நேரமும் அதுதான். கேனைப் பையனிடம் கொடுத்து அனுப்பிவிட்டுத் தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். பக் என்கிற அந்தக் கறுப்பு வில்லை எங்கே ஓடுகிறது என்று இன்றைக்கும் என் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. பேத்தியின் முதுகில் இருக்கும் எண்ணைத்தான் துரத்திக்கொண்டிருப்பேன்.

கடைசியாக லீவுக்கு வந்தபோது சுருட்டிய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றையும் மட்டையையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். களத்துச் சுவருக்கு எதிரே அதை விரித்துப் போட்டு, வெயில் ஏறும்வரை அடித்துக்கொண்டே இருப்பாள். சுவரின் அடிப்பாகம் முழுக்கப் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிகிறது. என் மனைவி சத்தம் போட்டதற்கு, "கோலின் உயரமே நாலடிதான் அம்மாயி, அதற்கு மேலே உங்கள் சுவருக்கு ஒன்றும் ஆகாது" என்றாள். பேச்சில் அம்மாவையே மிஞ்சிவிடுவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மார்ச்சோடு அவளுடைய கல்லூரி ஆட்டம் முடிகிறது. பிசியோதெரபி மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மூன்று வருடப் படிப்பு. இவளோ பெண்களுக்கான தொழில்முறை லீக்கின் டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கப் போகிறேன், படிப்பு பிறகு என்கிறாள். மகள் தினமும் போன் செய்து, "நீங்கள் சொன்னால் கேட்பாள் அப்பா" என்கிறாள். பேத்தியும் போன் செய்து, "அம்மாவிடம் நீங்கள் சொல்லுங்கள் அப்புச்சி" என்கிறாள். மருமகன் வாயே திறப்பதில்லை. அவர்தான் கெட்டிக்காரர்.

நான் என்ன சொல்வது? அந்த டிராஃப்ட் ஐ.பி.எல். ஏலம் மாதிரியா? அதில் பெயர் வராவிட்டால் கதை அவ்வளவுதானா? கைக்கு என்ன வரும்? டீக்கடையில் கேட்டால், "ஹாக்கியா? நம் ஸ்ரீஜேஷ் ஆடினாரே, அதுதானே?" என்கிறார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

---

எல்லைக்கல்

மாஷ், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். கிடைத்த இடத்தை விட்டுவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு போவதை எந்தத் தாய் ஒப்புக்கொள்வாள்? மகள் சொல்வதுதான் சரி. அப்படி ஆடியே தீர வேண்டும் என்றால் இந்தியாவுக்கு ஆடட்டுமே. நம் அணிக்கு இப்படிப் பயிற்சி பெற்ற பெண் கிடைத்தால் கசக்குமா? அரசு வேலையும் கிடைக்கும், பெயரும் கிடைக்கும்.

---

ஒட்டாவா சித்தூர்க்காரி

மாஷ், வணக்கம். நானும் சித்தூர்தான். ஆந்திரச் சித்தூர் இல்லை, நம்முடைய சித்தூர். கனடாவின் ஒட்டாவாவில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். இந்த லீக்கில் ஒட்டாவா சார்ஜ் என்று எங்கள் ஊருக்கு ஓர் அணி இருக்கிறது. உள்ளூர் ஆட்டம் என்றால் பெரும்பாலும் கேலரியில் இருப்பேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லைக்கல் அண்ணனுக்கு. மாஷின் பேத்தி இந்தியாவுக்கு ஆட முடியாது. இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதவர்கள் நாட்டுக்காக ஆட முடியாது என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் 2008லேயே முடிவு செய்துவிட்டது. வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருந்தாலும் நடக்காது. இன்னொன்று, இந்தியப் பெண்கள் அணி யாரோ வந்து கைதூக்கிவிடக் காத்துக் கிடக்கவும் இல்லை. அந்த அணியில் பெரும்பாலும் லடாக் பெண்கள். குளிர்காலத்தில் குளம் உறைந்தால்தான் பயிற்சி என்ற நிலையில் இருந்து வந்தவர்கள். 2016இல்தான் முதல் சர்வதேசப் போட்டிக்கே போனார்கள். 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வீழ்த்தியது அவர்களுடைய முதல் வெற்றி. 2025இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார்கள். டீக்கடையில் ஸ்ரீஜேஷைச் சொன்னவர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

இப்போது டிராஃப்ட். ஏலத்தில் விலை ஏறும், இதில் பெயர் வாசிப்பதோடு சரி. கல்லூரி ஆட்டத்தை முடித்தவர்கள் தாங்களே பெயர் கொடுக்க வேண்டும். அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுக்கும். எடுத்த அணியோடுதான் ஒப்பந்தம் பேச முடியும். "எனக்கு அம்மா வீட்டுப் பக்கத்தில் மினசோட்டாதான் வேண்டும்" என்று பேத்தி கேட்க முடியாது. வான்கூவர் எடுத்தால் வான்கூவர், பாஸ்டன் எடுத்தால் பாஸ்டன். கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்குத்தான் முதல் பெயர் என்று வைத்தால் வேண்டுமென்றே தோற்பார்கள் அல்லவா? அதற்கு இந்த லீக் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, கணக்கு வாத்தியாருக்குப் பிடிக்கும். பிளேஆஃப் வாய்ப்பு போய்விட்டது என்று உறுதியான பிறகு ஒரு அணி எடுக்கும் புள்ளிகளைத் தனியாகக் கூட்டுவார்கள். அதில் அதிகம் எடுத்தவருக்கு முதல் பெயர். வாய்ப்பு சீக்கிரம் போனவர்களுக்கு ஆட்டங்கள் அதிகம் மிச்சம் இருக்கும், ஆனால் அவற்றில் ஜெயித்தாக வேண்டும். நியூயார்க் அணி 2024, 2025 இரண்டு ஆண்டும் முதல் பெயரை இப்படித்தான் வாங்கியது.

இடம் எவ்வளவு குறைவு என்று சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்ல வேண்டாம். லீக் 2024 ஜனவரி 1 அன்று ஆறு அணிகளோடு தொடங்கியது. 2025-26 பருவத்தில் வான்கூவரும் சியாட்டிலும் சேர்ந்து எட்டு. ஒரு அணிக்கு 23 பேர். எட்டுக்கும் சேர்த்து 184 இடம். இதில் ஏற்கெனவே இருப்பவர்கள் போக மிச்சம்தான் புதியவர்களுக்கு. 2025 ஜூனில் எங்கள் ஒட்டாவாவில் நடந்த டிராஃப்டில் ஆறு சுற்றில் 48 பேரை எடுத்தார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் முதல்நிலைப் பெண்கள் அணிகள் மட்டும் நாற்பதுக்கு மேல். அணிக்கு ஐந்தாறு பேர் படிப்பை முடிக்கிறார்கள் என்று வையுங்கள், இருநூறைத் தாண்டுகிறது. அதோடு ஐரோப்பாவில் இருந்து வருகிறவர்கள் வேறு.

ஆனால் 48க்குள் வராவிட்டால் கதை முடிந்தது என்பதும் தவறு. பெயர் வராதவர்கள் எந்த அணியோடும் பேசலாம். பருவம் தொடங்குவதற்கு முன்னால் நடக்கும் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வாங்கி, அங்கே ஆடிக் காட்டி இடம் பிடிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். 23 பேருக்கு வெளியே அணிக்கு மூன்று பேர் மாற்று ஆட்டக்காரர்களாகவும் இருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் சுவீடன் லீக். அங்கே போய் ஒரு பருவம் ஆடிவிட்டு இங்கே திரும்பியவர்கள் உண்டு.

காசு. 2023இல் ஆட்டக்காரர்கள் சங்கமும் லீக்கும் போட்ட ஒப்பந்தம் 2031 வரை ஓடுகிறது. குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,000 அமெரிக்க டாலர், ஆண்டுக்கு மூன்று சதவீதம் ஏறும். அப்படியென்றால் 2025-26இல் 37,000 டாலருக்குச் சற்று மேல். ஒவ்வொரு அணியிலும் குறைந்தது ஆறு பேருக்கு 80,000 அல்லது அதற்கு மேல். சராசரி 55,000 என்று வைத்துத் தொடங்கினார்கள். பருவத்தில் வீட்டு வாடகைக்குத் தனிப்படி, மருத்துவக் காப்பீடு எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. உங்கள் பேத்தி கடைசிச் சுற்றில் போனால் அடிமட்டச் சம்பளத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரூபாயில் பெருக்கிப் பார்த்துப் பூரிக்க வேண்டாம். அந்தப் பணத்தில் பாஸ்டனில் தனியாக வீடு எடுத்து இருப்பது கஷ்டம். இரண்டு மூன்று பேர் சேர்ந்துதான் இருப்பார்கள்.

இது குறைவு என்று தோன்றினால் இதற்கு முந்தைய தலைமுறையைக் கேளுங்கள். கனடாவில் 2007இல் தொடங்கிய பெண்கள் லீக் பல வருடம் சம்பளமே கொடுக்கவில்லை. 2019இல் இழுத்து மூடிவிட்டார்கள். அமெரிக்காவில் 2015இல் தொடங்கிய லீக் சம்பளம் கொடுத்தது, அடுத்த வருடமே பாதிப் பருவத்தில் அதையும் வெட்டியது. ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவள் பகலில் அலுவலகம், ராத்திரி பத்து மணிக்கு ரிங்க் என்று ஓடிய காலம் அது. 2019க்குப் பிறகு பெரிய ஆட்டக்காரிகள் பலரும் "ஒழுங்கான லீக் வரும்வரை எந்த லீக்கிலும் ஆட மாட்டோம்" என்று சங்கமாகச் சேர்ந்து ஊர் ஊராகக் கண்காட்சி ஆட்டம் ஆடினார்கள். வருமானத்துக்கும் வழியில்லாமல் தங்கள் நல்ல வயதை அதில் கரைத்தார்கள். இன்றைக்கு உங்கள் பேத்தி "பெயர் கொடுக்கப் போகிறேன்" என்று சொல்ல முடிகிறது என்றால் அவர்களால்தான். மகளுக்கு இது தெரியுமா என்று கேளுங்கள். மினசோட்டாவில் இருப்பதால் தெரிந்திருக்கும்.

எனக்குப் பிடித்த ஒருத்தியைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். க்வினத் ஃபிலிப்ஸ், எங்கள் கோல்கீப்பர். பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆடியவள். அவள் சேர்ந்தபோது அங்கே கோலில் நின்றவள் ஏரின் ஃப்ராங்கல். நாட்டிலேயே சிறந்த கல்லூரி ஆட்டக்காரிக்கான பாட்டி காஸ்மையர் விருதை 2021இல் வாங்கியவள். அப்படிப்பட்டவள் முன்னால் இருந்தால் பின்னால் இருப்பவளுக்கு என்ன வேலை? பெஞ்சில் உட்கார்ந்து கதவைத் திறந்து மூடுவதுதான். ஃப்ராங்கல் போன பிறகுதான் ஃபிலிப்ஸுக்குக் கோலில் நிற்க இடம் கிடைத்தது. 2024 டிராஃப்டில் மூன்றாம் சுற்றில் ஒட்டாவா எடுத்தது. இங்கே வந்தால் மறுபடியும் பெஞ்ச், ஏனென்றால் கனடா நாட்டு அணியின் கோல்கீப்பர் எமரன்ஸ் மாஷ்மேயர் எங்களிடம் இருந்தாள். பருவத்தின் கடைசிப் பகுதியில் மாஷ்மேயருக்கு அடிபட்டது. ஃபிலிப்ஸ் உள்ளே போனாள். அதே பருவத்தில், 2025 ஏப்ரலில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவுக்காக நின்ற ஃப்ராங்கலுக்கும் மோதலில் அடிபட, மூன்றாம் பகுதியில் ஃபிலிப்ஸ் உள்ளே போய்க் கனடாவை நிறுத்தினாள். கூடுதல் நேரத்தில் அமெரிக்காவுக்குத் தங்கம். நான் கனடாக்காரி, அன்றைக்கு அவளைத் திட்டினேன். அடுத்த மாதம் அவளையே கும்பிட்டேன். எங்களை லீக் இறுதிவரை கொண்டுபோனாள். இறுதியில் தோற்றோம், ஆனாலும் பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரி விருது தோற்ற அணியின் அவளுக்குத்தான் கிடைத்தது.

அந்த இறுதியைப் பற்றியும் சொல்கிறேன், மினசோட்டாக்காரர்களுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும். நாலு ஆட்டம், நாலும் கூடுதல் நேரம், நாலும் 2-1. முதலாவது எங்களுக்கு, மற்ற மூன்றும் மினசோட்டாவுக்கு. கோப்பையை முடித்துவைத்த கோல் யார் அடித்தது தெரியுமா? 2023இல் முதல் டிராஃப்டில் முதல் பெயராகப் போன டெய்லர் ஹைஸி அந்த அணியில் இருந்தாள். ஆனால் அடித்தது அவள் அல்ல, லிஸ் ஷெப்பர்ஸ். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தவள். சுவரொட்டியில் முகம் வராத ரகம். அதற்கு முந்தைய ஆண்டு பாஸ்டனுக்கு எதிரான கடைசி ஆட்டத்திலும் முதல் கோல், அதாவது வெற்றி கோல், அவளுடையதே. இந்த லீக்கில் பிழைப்பது நட்சத்திரங்கள் மட்டும் இல்லை. கல்லூரியில் எல்லா ஆட்டத்திலும் முன்னால் நின்றவள் இங்கே கடைசியாக இறக்கும் நாலாவது வரிசையில் எட்டு நிமிடம் கிடைத்தாலும் முகம் சுளிக்காமல் ஆடினால்தான் நிற்க முடியும். பேத்திக்கு அந்த மனசு இருக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது.

அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள்: தடுப்பாட்டக்காரிகளை இரண்டிரண்டு பேராகத்தான் இறக்குவார்கள், கல்லூரியில் அவள் எத்தனையாவது ஜோடியில் ஆடுகிறாள்? எந்த அணியாவது அவளுடைய பயிற்சியாளரிடம் விசாரித்திருக்கிறதா? படிப்பு இடத்தை ஒரு வருடம் தள்ளிவைக்கக் கல்லூரி ஒப்புக்கொள்கிறதா?

---

வண்டிப்பெரியாறு ஆறாம் எண்

மாஷ் அய்யாவுக்கு வணக்கம். எனக்கு ஐஸும் தெரியாது, ஹாக்கியும் தெரியாது. வண்டிப்பெரியாற்றில் எஸ்டேட் லயத்தில் பிறந்து வாலிபால் ஆடியவள். அம்மா கொழுந்து கிள்ளுகிறவர். பள்ளி பி.டி. மாஸ்டர் கையைப் பிடித்துக் கோட்டுக்குள் இறக்கிவிட்டார். அங்கிருந்து விளையாட்டு விடுதி, கல்லூரி, பல்கலைக்கழக அணி.

ஒட்டாவா அக்கா எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் கேலரியில் இருந்து பார்க்கிறார். நான் கோட்டுக்குள் விழுந்தவள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் வலைக்கு முன்னால் தடுக்கத் தாவினேன். இறங்கும்போது கீழே இருந்தது என் அணிக்காரியின் பாதம். முழங்கால் உள்பக்கமாக மடிந்தது. சத்தம் எனக்கே கேட்டது. உள்ளே தசைநார் அறுந்துவிட்டது. வீக்கம் வடிந்த பிறகு படியில் இறங்கும்போதெல்லாம் கால் தானாக நழுவும், எலும்பு எங்கோ போய்விட்டுத் திரும்பி வருகிற மாதிரி இருக்கும். அறுவைசிகிச்சை ஆகி ஒரு வருடத்துக்கு நான் பந்தைத் தொடவில்லை.

என்னைக் காப்பாற்றியது விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை. கேரளத்தில் பெண்கள் வாலிபால் என்றால் மின்சார வாரியம், போலீஸ், ரயில்வே என்று அணி வைத்திருக்கிறார்கள். ஆடினால் வேலை, ஆட்டம் போனாலும் மேசை இருக்கும். எனக்குக் கிடைத்த அலுவலகத்தில் ஊனமான காலோடு வந்தவள் என்று முதல் இரண்டு வருடம் முகத்துக்கு நேராகவே பேசினார்கள். பேசட்டும், சம்பளம் முதல் தேதி வந்தது.

உங்கள் பேத்தி போகிற இடத்தில் அந்த மேசை கிடையாது. ஒரு வருட ஒப்பந்தம், இரண்டு வருட ஒப்பந்தம், அவ்வளவுதான். முழங்கால் போனால் அடுத்த வருடம் யார் கேட்பார்கள்? ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தத் தசைநார் அறுகிற ஆபத்து அதிகம் என்று எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரே சொன்னார். அதனால் அவள் அம்மா பயப்படுவதைக் குற்றமாகப் பார்க்காதீர்கள். அவருக்கு வேண்டியது மகள் ஆட்டத்தை விடுவது இல்லை, விழுந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும் என்பது. பிசியோதெரபி இடம்தான் அந்த மேசை. ஆடட்டும், ஆனால் அந்த இடத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ஆடட்டும். வாயால் சொன்ன உறுதிமொழியை நம்பி நான் ஒருமுறை ஒரு நல்ல வேலையை இழந்திருக்கிறேன். அது பெரிய கதை, இங்கே வேண்டாம்.

---

எல்லைக்கல்

இந்தியா விஷயம் எனக்குப் புதிது, சரி. ஆனால் வண்டிப்பெரியாறு அம்மிணி சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

---

வண்டிப்பெரியாறு ஆறாம் எண்

இல்லை அண்ணா. நீங்கள் போகாதே என்றீர்கள். நான் போ, கையில் காகிதத்தோடு போ என்கிறேன்.

---

கொழிஞ்சாம்பாறை மாஷ்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பேத்தியோடு வெகுநேரம் பேசினேன். அக்கா கேட்ட மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேட்டேன். "அப்புச்சி, யார் உங்களுக்கு எழுதிக் கொடுத்தது?" என்று உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

மூன்றாவது ஜோடியில் ஆரம்பித்து இந்த ஆண்டு இரண்டாவது ஜோடியில் ஆடுகிறாளாம். எதிரணிக்கு ஓர் ஆள் அதிகமாக இருக்கும் நேரத்தில், அதாவது தவறு செய்த நம் ஆள் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், இவளைத்தான் முதலில் இறக்குகிறார்கள். வருகிற பக்கை உடம்பால் மறிப்பது அவள் வேலை. கணுக்காலில் கறுப்புக் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் இப்போதுதான் தெரிந்தது. மகள் இத்தனை நாள் அதை என்னிடம் சொல்லவில்லை. கோல் போடுவது குறைவு. அதை அவளே ஒளிக்காமல் சொன்னாள்.

இரண்டு அணிகள் பயிற்சியாளரிடம் விசாரித்திருக்கின்றன. ஒன்று கனடாவில் இருக்கும் அணி. விசாரிப்பதற்கும் எடுப்பதற்கும் தூரம் அதிகம் என்று பயிற்சியாளர் சொன்னாராம்.

படிப்பு இடத்தைப் பற்றி வண்டிப்பெரியாறு அம்மிணி எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கல்லூரிக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னாள். இன்று காலை மகளும் அந்தப் பதிவை வாசித்திருக்கிறாள். "இதைத்தான் நான் இத்தனை நாளாகச் சொல்கிறேன்" என்று என்னிடம் கோபித்துக்கொண்டாள். அவள் சொன்னது வேறு, இருந்தாலும் நான் மறுக்கவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். கல்லூரியில் உடலால் மோதக் கூடாது, தொழில்முறையில் மோதலாம் என்று மகள் பயமுறுத்துகிறாள். உண்மையா? கனடா அணி எடுத்தால் அங்கே வேலை செய்ய அனுமதி, வீடு இதெல்லாம் யார் பார்ப்பார்கள்?

---

ஒட்டாவா சித்தூர்க்காரி

மாஷ், உங்கள் பேத்தி சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது கோல் குறைவு என்று அவளே சொன்னதுதான். தன் ஆட்டம் எது என்று தெரிந்தவளுக்கு இங்கே வேலை இருக்கும். கல்லூரியில் கோல் அடித்துக் குவித்துவிட்டு, இங்கே வந்தும் அதையே செய்ய நினைக்கிறவர்கள்தான் திணறுகிறார்கள். இரண்டாவது ஜோடி, ஆள் குறைந்த நேரத்தில் முதல் ஆள்: முகாமில் பயிற்சியாளர்கள் தேடுவது இந்த மாதிரிதான்.

ஆள் குறைந்த நேரத்தைப் பற்றி இந்த லீக்கில் ஒரு தனி விதி இருக்கிறது. தண்டனைப் பெட்டியில் ஆள் இருக்கும்போது அந்த அணியே கோல் போட்டுவிட்டால் பெட்டியில் இருப்பவள் உடனே வெளியே வந்துவிடலாம். அதனால் இங்கே ஆள் குறைந்த அணி பதுங்கிக்கொண்டே இருக்காது, பக் கிடைத்தால் பாய்ந்து போகும். பேத்தி இந்த லீக் ஆட்டங்களைப் பார்க்கிறவளாக இருந்தால் தெரிந்திருக்கும். நீங்கள் கேட்டீர்கள் என்று சொல்லிப் பாருங்கள், மலைத்துப் போவாள்.

மோதல் விஷயத்தில் உங்கள் மகள் சொல்வது சரி. கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் உடலால் இடித்துச் சாய்த்தால் தண்டனை. இந்த லீக்கில் பக்கைத் தேடிப் போகும்போது, தளத்தைச் சுற்றி இருக்கும் பலகையோரத்தில் தோளால் தள்ளலாம். அதற்காக எங்கிருந்தோ ஓடிவந்து இடிப்பதும் தலையில் மோதுவதும் இங்கேயும் குற்றம்தான். சுவீடன் பெண்கள் லீக்கிலும் 2022இல் இருந்து மோத அனுமதித்திருக்கிறார்கள். முதல் பருவத்தில் கேலரியில் இருந்து பார்த்தபோது எனக்கே வயிற்றைப் பிசைந்தது. பலகையில் ஒருத்தி மோதும் சத்தம் கூரைவரை கேட்கும். கல்லூரியில் இருந்து வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய மாற்றம். பக்கை வாங்கும் முன் தலையைத் தூக்கி யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும், பலகையோரம் எந்தத் தோளைக் கொடுப்பது என்று பழக வேண்டும். ஒரு கோடைக்காலம் முழுக்க அதைத்தான் பழகுவார்கள். இதில் வண்டிப்பெரியாறு தங்கையின் பேச்சுக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. காப்பீடு சிகிச்சைக்குப் பணம் தரும், அடுத்த ஒப்பந்தத்தைத் தராது.

இன்னொரு மாற்றம் யாரும் சொல்லாதது. கல்லூரியில் வெள்ளி, சனி என்று ஒரே எதிரணியோடு இரண்டு ஆட்டம். வாரம் முழுக்க அந்த அணியைப் படிக்கலாம். சாப்பாடு, பாடம், தூக்கம் எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டுக் கொடுக்க ஆள் உண்டு. இங்கே செவ்வாய் ஓர் ஊர், சனி வேறோர் ஊர். ஆட்டம் இல்லாத மத்தியானங்களில் இருபத்துமூன்று வயதுப் பெண் தெரியாத நகரத்தில் தனியாக என்ன செய்வாள்? நான் முதல் முறை ஒட்டாவா வந்த குளிர்காலத்தை நினைத்தால் இதுதான் எனக்குக் கவலை. பிசியோதெரபிக்கு முன்தேவையாக ஏதாவது பாடம் பாக்கி இருந்தால் இணையத்தில் அந்த நேரத்தில் முடிக்கலாம். அம்மாவுக்கும் நிம்மதி.

அனுமதி, வீடு: வேலை அனுமதிக்கான காகிதங்களை அணி நிர்வாகமே முன்னின்று பார்க்கும். எங்கள் அணியில் அமெரிக்கர்கள் நிறையப் பேர், ஃபிலிப்ஸும் அமெரிக்கர்தான். இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். வாடகைப்படி உண்டு என்று முன்பே எழுதினேன். புதியவர்களைப் பழையவர்கள் தங்களோடு சேர்த்துக்கொள்வது வழக்கம்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆட்டத்துக்கென்று உதவித்தொகையே கிடையாது, ஐவி லீக் கல்லூரிகள் எல்லாம் அப்படித்தான். அங்கே படிப்பையும் முடித்துவிட்டு வந்தவள்தான் 2024 டிராஃப்டின் முதல் பெயரான சாரா ஃபில்லியர். படிப்பா ஆட்டமா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்துவதைவிட எதை முதலில் செய்வது என்று பேசுங்கள். என் கணக்கு இதுதான்: படிப்பு இடத்துக்கு எழுத்தில் ஒரு வருடம் அவகாசம் கிடைத்தால் டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கட்டும். பெயர் வராவிட்டால் முகாமுக்கு முயற்சி செய்யட்டும். அங்கேயும் இடம் இல்லை என்றால் அடுத்த ஆண்டு வகுப்புக்குப் போகட்டும். அவகாசம் தர மாட்டோம் என்று கல்லூரி சொல்லிவிட்டால் அப்போது மறுபடியும் எழுதுங்கள், அது வேறு கணக்கு.

லீக் ஆட்டங்களை நம் ஊரில் யூடியூபில் பார்க்கலாம். இப்போதே இரண்டு மூன்று ஆட்டம் பார்த்து வையுங்கள். தடுப்பாட்டக்காரிகளை மட்டும் கவனியுங்கள், பக்கைத் தேட வேண்டாம்.

---

கொழிஞ்சாம்பாறை மாஷ்

நன்றி அம்மா. கல்லூரிக்கு நேற்றே எழுதிவிட்டாளாம். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். பெட்டியில் இருப்பவள் வெளியே வரலாம் என்ற விதியைச் சொன்னேன். "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தியேவிட்டாள். ஒரு வாரத்துக்கு இது போதும்.

---

வண்டிப்பெரியாறு ஆறாம் எண்

மாஷ், கல்லூரியில் இருந்து வரும் பதில் மின்னஞ்சலாக இருந்தாலும் அச்செடுத்து வைக்கச் சொல்லுங்கள். எந்த மாதம்வரை அவகாசம், முன்பணம் கட்ட வேண்டுமா, உதவித்தொகை இருந்தால் அதுவும் தள்ளிப்போகுமா, மூன்றும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.